பட்ஜெட்டில் என் கைக்கு ஒரு வரி

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் என் வலது கையிலிருந்து நாடா நழுவி விழுந்தது. குறுக்கு இழையான ஊடையைச் சுமந்துகொண்டு நீள இழைகளான பாவுக்குள் ஓடுகிற மரத்துண்டைத்தான் நாடா என்போம். எப்போதாவது கைதவறுவது உண்டுதான். எடுக்கலாம் என்று குனிந்தேன். விரல்கள் அதன்மேல் போய் உட்கார்ந்தன, ஆனால் மூடவில்லை. யாருடைய விரல்களையோ பார்ப்பதுபோல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் கோர்வைச் சேலைதான் நெய்வோம். சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா போட்டு, இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. என் கணவர் தறிக்குழியில் கால் விட்டு உட்காருவார். அவருக்கு இடது பக்கம் நான். கரைக்குப் போகும் நாடாவை இடது கையால் விட்டு வலது கையால் வாங்குவேன். உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற இடத்தில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வலது கை இருந்தது.

"இன்னாம்மா, தூங்கிட்டியா?" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

"கை மரத்துப்போச்சுங்க" என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது. அவர் சிரித்தார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் எதிர் வரிசையில் ஒரு பெண் குடியிருக்கிறாள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அரசாங்கம் கொடுக்கிற மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கொடுப்பது அவள் வேலை. மாத்திரைக்காரம்மா என்றுதான் தெருவில் எல்லோரும் சொல்வோம். என் கணவர் போட்ட சத்தத்தில் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். என்னைச் சிரிக்கச் சொன்னாள். இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். ஒரு கை மட்டும் மேலே போனது.

"அண்ணா, 108-க்கு அடி. தண்ணி எதுவும் குடுக்காத. நேரத்தப் போக்கக் கூடாது" என்றாள். யாரோ சோடா வாங்கிவரப் போனார்கள், அவர்களைத் திட்டினாள். ஒரு வகுப்பில் அவளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அப்போது அது தெரியாது. இவ்வளவு அதிகாரமாகப் பேசுகிறாளே என்று, அந்த நிலைமையிலும், கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது. பாவு நீட்டியிருந்தவர்கள் கயிற்றை அவிழ்த்து, பாவைச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். தெருவில் பாவு நீட்டிப் பிணைத்திருக்கும்போது அதை அவிழ்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நெசவு வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். எனக்காக அவிழ்த்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, சீக்கிரம் கூட்டிவந்ததால் தப்பித்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். சில நாட்களில் பேச்சு திரும்பியது, வார்த்தையெல்லாம் ஈரத்துணிபோலக் கனமாக. வலது காலை இழுத்து நடக்க முடிந்தது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. வீட்டுக்கு அனுப்பிய அன்று என் கணவர் சட்டைப்பையில் கடன் வாங்கிய பணத்தோடு நின்று, "எங்க கட்டணும்?" என்று கேட்டார். நர்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணும் கட்ட வாணாம்பா. மாத்திரைச் சீட்ட மட்டும் தொலைச்சிடாத" என்றார். அந்த நர்ஸின் முகம் எனக்கு இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. நெற்றியில் பெரிய பொட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

வீட்டுக்கு வந்தேன். தறியில் பாதிச் சேலை அப்படியே நின்றிருந்தது. ஐயம்பேட்டையிலிருந்து என் நாத்தனார் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துபோய் என் இடத்தில் உட்கார்ந்து அதை முடித்துக்கொடுத்தார். அவர் வீட்டிலும் தறி இருக்கிறது, அதற்குமேல் அவரை எப்படிக் கூப்பிடுவது? கோர்வையை விட்டுவிட்டு என் கணவர் ஒற்றை நாடாவில் சாதாரணச் சேலை நெய்ய ஆரம்பித்தார். அதற்குக் கூலி குறைவு. எங்கள் மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். அந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்தான்.

தனியார் இடம் ஒன்றில் கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சில தடவை போனோம். ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம், ஆட்டோ வேறு. நானே வேண்டாம் என்றேன். கை வராது, போனது போனதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

தை பிறந்தபின் ஒருநாள் மாத்திரைக்காரம்மா வந்து, "அக்கா, நாளைக்கி உங்கள பாக்க ஒரு பொண்ணு வருது" என்றாள்.

"எதுக்கு?"

"கைக்குப் பயிற்சி குடுக்க. பிசியோ. வீட்டுக்கே வரும். காசு கெடையாது. நம்ம கவர்ன்மென்ட்டு அனுப்புறது."

காசில்லாமல் வீடு தேடி வருகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. ஓட்டுக் கேட்கத்தான் வருவார்கள்.

வந்தவள் ஒல்லியாக, என் மகளைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருந்தாள். முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில். திருத்தணி பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுவார்களாம். "டாக்டரம்மா, உக்காருங்க" என்று என் கணவர் நாற்காலியைத் துடைத்தார். "டாக்டரம்மாலாம் வேணாம் அங்கிள்" என்று தரையிலேயே என் எதிரில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டேன். அவளும் என்னை அக்கா என்றாள். அவர் அங்கிள், நான் அக்கா. அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

என் விவரங்களைக் கேட்டுக் கொண்டே வந்தவள், "என்ன வேலை பண்றீங்க அக்கா?" என்றாள்.

"வேலை இன்னா, வீட்லதான். அவரு தறியில கூட உக்காருவேன்."

"கூட உக்காந்து?"

"கரை நாடா விடுவேன்."

"அப்ப நீங்களும் நெய்றீங்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தறியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா. அவ இல்லன்னா இந்தத் தறியில கோர்வை இல்ல. நெசவாளின்னே போட்டுக்க" என்றார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கூலி வாங்குவது அவர், நெசவாளர் அட்டை இருப்பது அவர் பெயரில். இத்தனை வருடத்தில் அவர் வாயால் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். அழுகை வந்தது. அந்தச் சமயத்தில் எதற்கெடுத்தாலும் அழுகை வந்துகொண்டிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை வந்தாள். மற்ற நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவாள். சப்பாத்தி மாவைப் பிசைய வேண்டும். துணிக்கு மாட்டுகிற கிளிப்பைக் கயிற்றில் மாட்டிக் கழற்ற வேண்டும். ஈரத்துணியைப் பிழிய வேண்டும். என் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டும்போது, "மெல்லகா, மெல்லகா" என்பாள். மெதுவாக என்பதற்குத் தெலுங்கு. சமையலறையில் பால் பொங்கினால்கூட என் கணவர் "மெல்லகா" என்று சொல்கிற அளவுக்கு அந்த வார்த்தை எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ வந்தபோது தறியைப் பார்க்க வேண்டும் என்றாள். "உங்க கை அங்க என்ன பண்ணும்னு தெரிஞ்சாதான் நான் அதுக்கு ட்ரெயின் பண்ண முடியும்." துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தாள். அவர் மிதியை அழுத்தி, "இப்ப விடும்மா" என்றார். அவள் விட்ட வேகத்தில் நாடா பாவைத் தாண்டிப் பறந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அடித்து, கீழே தண்ணீர்ச் சொம்பைத் தள்ளிவிட்டது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்தேன். நோய் வந்தபின் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும் என்று அதுவரை சிரிப்பதையே தவிர்த்திருந்தேன்.

அதன்பிறகு அவள் கிளிப்பையும் மாவையும் குறைத்தாள். காலி நாடா ஒன்றை என் கையில் கொடுத்து, பிடிக்க, விட, பிடிக்க என்று பழக்கினாள்.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. மாசி மாதம் ஒரு மத்தியானம் எவ்வளவு முயன்றும் கட்டைவிரல் அசையவில்லை. நாடாவை மூலையில் தள்ளிவிட்டு, "வுட்டுடு பாப்பா. வேற யாருக்காவது போய் பாரு. எனக்கு வராது" என்றேன்.

அவள் சமாதானம் சொல்வாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். காலையில் செவிலிமேட்டில் ஒரு வீடு, அதற்கு முன் திருப்புட்குழியில் இரண்டு வீடு பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "சாப்டியா?" என்றேன். இல்லை என்று தலையசைத்தாள். என் கணவர் எழுந்து போய்த் தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுக் கொண்டுவந்தார். சாப்பிட்டுக்கொண்டே பேசினாள்.

"எனக்கும் இப்ப டென்ஷன்தான் அக்கா. வருஷத்துக்கு வருஷம் கான்ட்ராக்ட். மார்ச் முடிஞ்சா எங்க வேலை இருக்கா இல்லையான்னே தெரியாது. டவுன் பஸ் லேடீஸுக்கு ஃப்ரீயா இருக்கறதாலதான் இந்தச் சம்பளத்துல சுத்த முடியுது."

"நல்லாதான வேலை செய்ற? அப்புறம் ஏன் நிறுத்தப் போறாங்க?"

"நல்லா பண்றோமா இல்லையான்றது இல்ல அக்கா. பட்ஜெட்ல இந்த ஸ்கீமுக்குப் பணம் வச்சாத்தான் உண்டு. வச்சாலும் ஆர்டர் வரணும்."

பட்ஜெட் என்ற வார்த்தையை அதுவரை நான் செய்தியில் கேட்டிருக்கிறேன். சட்டசபையில் ஒருவர் நின்று நீளமாக வாசிப்பார், மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள், நாங்கள் வேறு சேனலுக்கு மாற்றுவோம். அதற்கும் என் கட்டைவிரலுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அவள் தட்டைக் கழுவிவைத்துவிட்டு வந்து, மூலையில் கிடந்த நாடாவை எடுத்து மறுபடி என் கையில் வைத்தாள். நான் மறுக்கவில்லை.

பட்ஜெட் நாளன்று தறியை நிறுத்திவிட்டு என் கணவர் டிவி முன் உட்கார்ந்தார். மாத்திரைக்காரம்மாவும் வந்துவிட்டாள், அவள் ஊக்கத்தொகையும் அதே கணக்கில்தான் வருகிறது. மந்திரி வாசித்துக்கொண்டே போனார். சாலை, பாலம், குடிநீர், பள்ளிக்கூடம். கைத்தறி என்று வந்ததும் என் கணவர் ஒலியைக் கூட்டினார்.

"இருங்க இருங்க, தறிக்குக் குடுக்கற இலவச கரண்ட்டு பத்தி சொல்றாரு."

"அது இருக்கட்டும், ஆஸ்பத்திரி பத்தி எப்ப சொல்லுவாரு?" என்றேன்.

"அது முன்னாடியே சொல்லிட்டாரோ இன்னாவோ."

"அண்ணா, நீ ஒலிய கூட்டி கூட்டிக் கொறைச்சதுல தான் போயிருக்கும்" என்றாள் மாத்திரைக்காரம்மா.

போகவில்லை. சுகாதாரம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிகள், கருவிகள் என்று சொல்லிவிட்டு, நடுவில் ஒரே ஒரு வரி: வீடு தேடிச் சென்று மருத்துவம் பார்க்கும் பணி தொடரும், அதற்கு நிதி ஒதுக்கப்படுகிறது. எத்தனை கோடி என்றும் சொன்னார். அந்த எண் என் தலையில் நிற்கவில்லை. மேசை தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் மாத்திரைக்காரம்மா தரையைத் தட்டினாள். நானும் தட்டினேன், இடது கையால். மக்கள் வாங்குகிற தீப்பெட்டியிலும் சோப்பிலும் எடுக்கிற வரிதானே இவ்வளவும் என்றார் என் கணவர். யார் யாரோ கடையில் சோப்பு வாங்கியதில் ஒரு பங்கு என் கைக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனால் மார்ச் முடிந்ததும் பாப்பா வரவில்லை. போன் செய்தாள். "ஆர்டர் வரல அக்கா. வர்ற வரைக்கும் நாங்க டியூட்டிக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்க."

"பட்ஜெட்ல சொல்லிட்டாங்களே, நாங்க கேட்டோமே!"

"சொல்றது வேற அக்கா. அது ஆர்டரா மாறி, பணம் இறங்கி, கீழ வர்றதுக்கு நாளாகும். எக்சர்சைஸ விட்டுடாதீங்க. அங்கிள்கிட்ட சொல்லுங்க, வீடியோ கால்ல பாக்கறேன்."

மகள் செல்போனை டப்பா மேல் சாய்த்துவைக்க, அவள் திருத்தணியிலிருந்து "மெல்லகா" சொன்னாள். பாதி நேரம் படம் அப்படியே நின்றுபோகும். சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கிறவள் எங்களுக்காக இதைச் செய்கிறாள் என்பது எனக்கு உறுத்தியது. மாத்திரைக்காரம்மாதான் ஒரு யோசனை சொன்னாள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள், பேஷன்ட்டுகளே போய்ச் சொன்னால் காதில் விழும்.

போனோம். செவிலிமேட்டிலிருந்து கோலூன்றிக்கொண்டு ஒரு ஆட்டோ டிரைவர் வந்தார், அவருக்குக் கால். திருப்புட்குழியிலிருந்து ஒரு அம்மா, கணவருக்காக. மூன்று பேரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் பாப்பா சொல்லி ஒருவர் கதை ஒருவருக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. "காலண்டர் மேல நாடா அடிச்ச வூடு நீங்கதானா?" என்றார் ஆட்டோக்காரர்.

எங்கள் முறை வந்தபோது மற்ற இருவரும் என்னைப் பேசச் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. நான் வீட்டில் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அங்கே நின்றதும் நாக்கு கனத்தது. எப்படியோ, "எங்க பாப்பாவ திருப்பிக் குடுங்கம்மா" என்றுதான் வந்தது.

அந்த அம்மாள் பதறி எழுந்துவிட்டார். "கொழந்தைய காணமா? எப்பலேர்ந்து? போலீஸ்ல சொன்னீங்களா?"

ஆட்டோக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொழந்த இல்ல மேடம், பிசியோ" என்று விளக்கினார். அதிகாரியும் சிரித்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார். என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "ஃபைல் மேல போயிருக்குதும்மா. பணம் வச்சிட்டாங்க, ஆர்டர் வந்துடும். நானும் பேசறேன். அதுவரைக்கும் சும்மா இருக்காதீங்க, அரசு ஆஸ்பத்திரியில காலைல பிசியோ இருக்குது, அங்க போங்க" என்று ஒரு சீட்டும் எழுதிக்கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் என் கணவர் தறியை நிறுத்த வேண்டும். மகள் ஷிப்டில் இருப்பாள். ஒருநாள் காலையில், நான் தனியாகவே போகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தார், அதற்கப்புறமும் நகரவில்லை. டவுன் பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்தேன். வலது கால் படியில் ஏற மறுத்தது. பின்னால் நிற்கிறவர்கள் திட்டுவார்களே என்று பதறினேன். கண்டக்டர் இறங்கிவந்து முழங்கைக்குக் கீழே கைகொடுத்து, "அவசரமே இல்லம்மா. நீங்க உக்காந்தப்புறம்தான் விசில்" என்றார். ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து என் இடது கையில் வைத்தார் கண்டக்டர். ஜன்னலுக்கு வெளியே என் கணவர் வேகமாகக் கையாட்டிக்கொண்டிருந்தார், நான் வெளிநாட்டுக்குப் போவதுபோல.

அப்படித்தான் அந்தக் கோடை முழுக்க போய்வந்தேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம், கொஞ்ச நேரம்தான் பார்க்க முடியும். ஆனால் பார்ப்பார்கள். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் விரல் எவ்வளவு மூடுகிறது என்று ஒருவரையொருவர் கவனிப்போம். யாருக்காவது புதிதாக ஒரு விரல் வந்தால் வரிசையே சந்தோஷப்படும்.

வெயில் கொஞ்சம் தணிந்த ஒரு நாள், பாப்பா அறிவிக்காமல் வந்து வாசலில் நின்றாள். பை, தண்ணீர் பாட்டில், அதே துப்பட்டா. "ஆர்டர் வந்துருச்சு அக்கா!" எங்கள் மனுவால் வந்ததா, தானாகவே வந்ததா, எனக்குத் தெரியாது. எங்களால்தான் என்று ஆட்டோக்காரர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தவள் ஆச்சரியப்பட்டாள். "கால் நல்லா வந்திருக்கே! என்ன பண்ணீங்க?"

"பஸ் ஏறினேன்" என்றேன்.

குறை இல்லாமல் இல்லை. பக்கத்து வட்டாரத்தில் இருந்த பிசியோ காத்திருக்க முடியாமல் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை, அதையும் இவளே பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வந்தவள் அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வந்தாள். கண்ணுக்குக் கீழே அவளுக்கும் கருப்பு விழுந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என் கணவர் சட்டம் போட்டார். எங்களால் முடிந்தது அது ஒன்றுதான்.

ஆடி மாதம் அவர் தறியில் கோர்வைப் பாவு ஏற்றினார். என்னைக் கேட்கவில்லை. அரக்குச் சிவப்பு உடல், மயில்கழுத்துப் பச்சைக் கரை. அவள் வந்து தறியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். உட்காரும் பலகையின் மேல் ஒரு பெட்ஷீட்டை மடித்துப் போட்டு என்னை உயர்த்தினாள். தறியின் மேற்கட்டையிலிருந்து அகலமான பருத்தித் துணி ஒன்றைத் தொட்டில்போலக் கட்டித் தொங்கவிட்டு, அதில் என் வலது முழங்கையை வைத்தாள். கையின் பாரம் துணிக்குப் போனது. விரல்களுக்கு மட்டும்தான் வேலை.

"இப்ப வுடட்டுமா?" என்றேன்.

"மெல்லகா" என்றார் என் கணவர்.

இடது கையால் விட்டேன். நாடா பச்சை இழையை இழுத்துக்கொண்டு வந்து என் வலது உள்ளங்கையில் இடித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூடின. முழுக்க மூடவில்லை, நாடா விழாமல் இருக்கிற அளவுக்கு மூடின. சிவப்பு இழையில் பச்சையைக் கோத்துத் திருப்பி விட்டேன். அவர் இழையை நெருக்கி அடித்தார். இன்னொன்று. இன்னொன்று. நெய்துகொண்டே இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அவள் சுவரில் சாய்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "தூசி அக்கா" என்றாள்.

முன்பு நெய்த வேகத்தில் பாதிகூட இல்லை. என் கை தயாராகும்வரை அவர் அடிக்காமல் காத்திருப்பார். காத்திருக்கும்போது மெதுவாக ஏதாவது பாடுவார். அவருக்குப் பாட வரும் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது, முன்பெல்லாம் அதற்கு நேரமே இருந்ததில்லை. அந்தச் சேலையை முடித்துச் சங்கத்துக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். அங்கே விரித்துப் பார்க்கிறவர் கோர்வையை விரலால் தடவிக்கொண்டே போய், ஒன்றும் சொல்லாமல் மடித்தார். ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வெளியே வந்து இருவரும் டீ குடித்தோம். கிளாஸை வலது கையில் பிடித்துப் பார்த்தேன். சுட்டது. சுடுவது தெரிந்தது.

அதற்கப்புறம் பாப்பாவின் வேலையை ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். அதற்கடுத்து என்ன என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பட்ஜெட் வாசிக்கும் நாளில் இப்போது எங்கள் வீட்டில் யாரும் சேனலை மாற்றுவதில்லை. நல்லது செய்தால் தரையைத் தட்டுகிறோம், விட்டுவிட்டால் திங்கள்கிழமை எங்கே போவது என்று தெரியும்.

போன மாதம் பின்தெருவில் சாயம் போடுகிற ஒருவருக்கு இதேபோல வந்துவிட்டது. அவருக்கும் வலது கை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்றாள் மாத்திரைக்காரம்மா. "நீங்க ஒரு நடை வாங்களேன் அக்கா" என்றாள். போனேன். அவர் மனைவி பாய் விரித்தார். கொஞ்ச நேரம் மழை பற்றியும் பட்டு விலை பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். அவர் திரும்பவே இல்லை. நான் கிளம்ப எழுந்தபோது சுவரைப் பார்த்தபடியே கேட்டார், வார்த்தைகள் என் வார்த்தைகள் போலவே கனமாக வந்தன.

"கை வருமாம்மா?"

"முழுசா வராதுங்க" என்றேன். "வேலைக்குப் போதற அளவுக்கு வரும். வியாழக்கிழமை ஒரு பொண்ணு வரும். சாப்புடாம வரும். சோறு எடுத்து வைங்க."

அவர் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.